ரிட்டயர் ஆனபின் ஆசைக்கு ஒரு வண்டி: மாற்றுவதற்கு முன் நான் செய்து பார்த்தவை

2024 மே 31 மாலை. கழுத்தில் மாலை, பின் சீட்டில் பித்தளைக் குத்துவிளக்கு. பொள்ளாச்சி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் என் வீட்டுக்காரர் கேட்டார்: "இனி இதை என்ன பண்றது?" குத்துவிளக்கைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். காரைக் கேட்டிருக்கிறார்.

2013 செப்டம்பரில் வாங்கிய மாருதி ஸ்விஃப்ட் இசட்.டி.ஐ. பள்ளிக்குப் போய்வர தினமும் 46 கிலோமீட்டர் என்பதால் டீசல் வாங்கினேன். அந்த 46 ஒரே நாளில் பூஜ்யமாகிவிட்டது. மீதி இருந்தது ஆசை மட்டும்தான். 41 வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். இயற்பியல் டீச்சர், ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளும் எனக்கு மனப்பாடம். இத்தனை வருடம் மைலேஜுக்காக ஓட்டியாயிற்று, இனிமேலாவது ஆசைக்கு ஒரு வண்டி வாங்கினால் என்ன என்று தோன்றியது. பெங்களூரில் இருக்கும் மகனும், "ஆட்டோமேட்டிக் வாங்கிக்கோம்மா, முட்டிக்கும் நல்லது" என்று தினமும் போனில் சொன்னான்.

முடிவெடுக்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. உங்களுக்கு மூன்று மாதம் போதும்.

முதலில் ஒரு நோட்டு

ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து வண்டியில் வையுங்கள். நான் மீந்துபோன பாடக்குறிப்பு நோட்டு ஒன்றை வைத்தேன். ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் இரண்டே வரி: எது பிடித்தது, எது எரிச்சல். "வண்டி நன்றாக இல்லை" என்று எழுதக் கூடாது. எந்த இடத்தில், எது, எப்படி என்று எழுத வேண்டும்.

ஒரு மாதம் கழித்துப் படித்தபோது எனக்கே வேடிக்கையாக இருந்தது. பிடித்தது என்று எழுதிய பயணங்கள் எல்லாம் காலை ஆறரைக்கு முன் கிளம்பியவை, யாரும் காத்திருக்காதவை. எரிச்சல் என்று எழுதியதில் பாதி, மார்க்கெட் ரோட்டில் பத்து மணிக்கு மாட்டிக்கொண்டது. பதினைந்து லட்சம் ரூபாய் வண்டியில் போனாலும் மார்க்கெட் ரோடு மார்க்கெட் ரோடுதான். அந்தப் பாதியைத் தள்ளிவிட்டால் வண்டியின் மேல் உண்மையான புகார் நான்குதான் மிஞ்சியது. கிளட்சை மிதித்து மிதித்து இடது முட்டி வலிக்கிறது. டயர் சத்தம் போடுகிறது. சின்னப் பள்ளத்திலும் முன்பக்கம் "டொக்" என்கிறது. இரவில் ஹெட்லைட் மங்கல்.

இதில் எது வண்டியின் குணம், எது தேய்மானம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். குணத்தை மாற்ற முடியாது. அந்த 1.3 லிட்டர் டீசல் என்ஜின் 2000 ஆர்.பி.எம்முக்குக் கீழே தூங்கிக்கொண்டுதான் இருக்கும். என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ விழிப்பதே அதற்கு மேல்தான். வளைவில் இரண்டாவது கியரில் சோம்பினால் முதல் கியருக்கு இறங்கத்தான் வேண்டும். இது பிறவிக் குணம். தேய்மானம் அப்படியல்ல, காசு கொடுத்தால் போய்விடும்.

முட்டி யாருடையது?

முட்டி வலி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் ஆட்டோமேட்டிக் வாங்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னதற்கு அதுதான் காரணம்.

எங்கள் மெக்கானிக் என்னிடம் படித்த பையன். ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து சொன்னான்: "டீச்சர், வலி உங்க முட்டியில இல்லீங்க. கிளட்ச்ல இருக்குது."

கிளட்ச் பிளேட் என்பது இரண்டு பக்கமும் உராய்வுப் பொருள் ஒட்டிய வட்டத் தகடு. அதை என்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தோடு அழுத்திப் பிடிப்பது வட்ட வடிவ ஸ்பிரிங் ஒன்று. பிளேட் தேய்ந்து மெலியும்போது அந்த ஸ்பிரிங்கின் சாய்வு மாறிவிடுகிறது. பெடலை மிதிப்பது என்றால் ஸ்பிரிங்கைத்தான் மிதிக்கிறோம். அதனால் பிளேட் தேயத் தேய பெடல் கனக்கும். ஒரே நாளில் கனப்பதில்லை, பத்து வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்கும். அதே பத்து வருடத்தில் நமக்கும் வயதாகிறதா, பழியை முட்டி வாங்கிக்கொள்கிறது. இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு ஸ்பிரிங் பாடம் நடத்தியவள் நான். எனக்கே இது தோன்றவில்லை.

நீங்களே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. கிளட்சை மெதுவாக விடும்போது பெடல் ஏறக்குறைய மேலே வந்த பிறகுதான் வண்டி நகர்கிறதா? நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏற மறுக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் பிளேட் போய்விட்டது. என் வண்டியில் 1 லட்சத்து 43 ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதே பிளேட்.

கிளட்ச் செட் மாற்றக் கூலியோடு 14,500 ரூபாய் ஆனது. முன்பக்க ஷாக் அப்சார்பர், புஷ் எல்லாம் 13,800. டயர் நான்கு, 22,400. டயரில் பட்டன் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பக்கச்சுவரில் பதித்திருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் எந்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் எந்த வருடம் என்று சொல்லும். என்னுடையதில் 1217 என்று இருந்தது. 2017ஆம் ஆண்டின் பன்னிரண்டாவது வாரம். ரப்பர் கல்லாகியிருந்தது, சத்தம் வராமல் என்ன செய்யும்? அலைன்மென்ட் 900, மஞ்சள் பூத்த ஹெட்லைட் கண்ணாடிக்கு பாலிஷ் 800. மொத்தம் 52,400 ரூபாய். "விற்கப் போற வண்டிக்கு இவ்வளவா?" என்றார் வீட்டுக்காரர். நோயாளியாக இருக்கும் வண்டியையும் புது வண்டியையும் ஒப்பிட்டால் எப்போதும் புதுசுதான் ஜெயிக்கும் என்றேன். அரை மனதோடு ஒத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி, ஆழியாறு அணையைப் பார்த்துக்கொண்டு ஃபிளாஸ்க் காப்பி குடித்தேன். முட்டி ஞாபகமே வரவில்லை.

டெஸ்ட் டிரைவை நம்பாதீர்கள்

சரி, பழையது குணமாகிவிட்டது. இப்போதுதான் புதியதை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஷோரூம் டெஸ்ட் டிரைவ் பதினைந்து நிமிடம், நேரான பைபாஸ், பக்கத்தில் வாய் ஓயாமல் பேசும் பையன். அதில் ஏ.சி குளிர்கிறதா என்று வேண்டுமானால் தெரியும்.

நான் கோவையில் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தேன். டிரைவர் இல்லாமல் நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். அப்படி உள்ளதையே எடுங்கள். சொந்த வண்டியை யாராவது ரகசியமாக வாடகைக்கு விட்டால் வாங்காதீர்கள், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் பிரச்சினை வரும். முதலில் ஏ.எம்.டி, அதாவது சாதாரண கியர்பாக்ஸிலேயே கிளட்சையும் கியரையும் வண்டியே மாற்றிக்கொள்ளும் ஒன்று, பிறகு டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஒன்று. இரண்டையும் வால்பாறைக்கே ஓட்டிப் போனேன்.

ஏ.எம்.டி ஊருக்குள் சொகுசு. மலையில் எனக்கு ஒத்துவரவில்லை. வளைவின் நடுவில், நாம் கேட்காமலே மேல் கியருக்குப் போய் மூச்சுவாங்குகிறது. மேனுவல் மோடில் போட்டால் சரியாகிவிடுகிறது, ஆனால் கியரை நாமே மாற்றுவதென்றால் ஆட்டோமேட்டிக் எதற்கு? மலையில் டெஸ்ட் செய்பவர்கள் ஏற்றத்தை மட்டும் பார்க்கிறார்கள். இறக்கத்தையும் பாருங்கள். கியரை டி-யில் (டிரைவ்) விட்டால் வண்டி வழுக்கிக்கொண்டே போய் பிரேக்கைக் காய்ச்சுகிறதா, கீழ் கியரில் பிடித்துவைக்க வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்றத்தில் நிறுத்தி பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் பின்னால் உருள்கிறதா என்பதையும்.

டர்போ பெட்ரோல் அருமை. பொய் சொல்ல மாட்டேன். அட்டகட்டி ஏற்றத்தில் அது போன போக்குக்கு நான் தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். அன்றிரவு தூங்காமல் கணக்குப் போட்டேன்.

தூக்கம் கெட்ட கணக்கு

அந்த டர்போ பெட்ரோலின் ஆன்ரோடு விலை, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, 12.6 லட்சம். என் ஸ்விஃப்டுக்கு எக்ஸ்சேஞ்சில் 2.6 லட்சம். கையிலிருந்து 10 லட்சம். அந்தப் பத்து லட்சம் எங்கே இருக்கிறது? தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், 8.2 சதவீத வட்டியில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய், வருடத்துக்கு 82,000. ரிட்டயர் ஆனவர்கள் வண்டி விலையை விலையாகப் பார்க்காமல், நின்றுபோகும் வட்டியாகப் பார்க்க வேண்டும். நான் இப்போது ஓட்டுவது வருடத்துக்கு 4,500 கிலோமீட்டர். டீசல் செலவே 21,000 ரூபாய்தான்.

விலைப் பட்டியலில் இன்னொன்றும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு சாலை வரி 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. அதாவது 9.9 லட்சம் வண்டிக்கு 1,28,700 ரூபாய் வரி. 10.4 லட்சம் வண்டிக்கு 1,87,200. விலையில் வித்தியாசம் ஐம்பதாயிரம், வரியில் வித்தியாசம் அதைவிட அதிகம்! போதாக்குறைக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் டி.சி.எஸ் என்று, விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரியாக, 1 சதவீதம் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். பலரும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் அடங்கும் 1200 சி.சி வரையிலான பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் புதுசின் விலை குறைந்தால் நம் பழசின் விலையும் கூடவே குறையும்.

புது டீசல் பற்றி நினைத்தால் ஒரு வார்த்தை. இப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதியான பி.எஸ்.6-இன்படி வரும் டீசலில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் அந்தக் கரி எரியும். கோயில், மார்க்கெட், பேத்தி வீடு என்று மூன்று மூன்று கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு அது ஆகாது.

பெரிய வண்டி ஆசை இருந்தால் வாங்குவதற்கு முன் வீடு இருக்கும் சந்தின் அகலத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். என் கொழுந்தனார் ரிட்டயர்மென்ட் பணத்தில் ஒரு பெரிய எஸ்.யூ.வி வாங்கினார். உயரமாக உட்கார்ந்து ஓட்டுவது ராஜாபோல இருக்கிறது என்பார். அவர் தெருவில் எதிரே ஒரு ஆட்டோ வந்தால் ரிவர்ஸிலேயே பின்னால் போக வேண்டும். இப்போது காய்கறிக்கு டூவீலரில்தான் போகிறார். ராஜா ஷெட்டில் இருக்கிறார்.

யோசிக்காமல் மாற்ற வேண்டியவர்கள்

என் வண்டியில் இரண்டு ஏர்பேக், சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ் இரண்டும் இருக்கின்றன. இல்லாதிருந்தால் 52,400 ரூபாயை அதில் போட்டிருக்க மாட்டேன். 2019க்கு முந்திய வண்டிகளில் பல, இவை இல்லாமலே வந்தவை. உங்களுடையது அப்படி என்றால், மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் போகிறவர் என்றால், மேலே சொன்ன நோட்டெல்லாம் வேண்டாம், மாற்றிவிடுங்கள். டாக்டரே "கிளட்ச் மிதிக்காதீங்க" என்று சொல்லியிருந்தாலும் அப்படியே. ஆனால் புது வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் கண்ணைக் காட்டிவிடுங்கள். எதிர் விளக்கு கூசுவது கண்புரையாகவும் இருக்கலாம். அதற்கு எல்.இ.டி ஹெட்லைட் மருந்தல்ல. 55 வயதுக்கு மேல் லைசென்ஸ் ஐந்தைந்து வருடமாகத்தான் புதுப்பிப்பார்கள். என்னுடையது 2029 வரை.

மாற்றுவதென்று முடிவானால், பேப்பரில் கவனமாக இருங்கள். 2016இல் ஒரு ஸ்கூட்டரை விற்றேன். பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிட்டேன். வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை. இரண்டு வருடம் கழித்து, ஹெல்மெட் போடாததற்கு எனக்கு அபராத நோட்டீஸ் வந்தது. அபராதத்தோடு போனது என் அதிர்ஷ்டம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்கும் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. புது ஆர்.சி.யைக் கண்ணால் பார்க்கும்வரை விடாதீர்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலும் இதேதான். கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காக இன்சூரன்ஸ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமல்ல, உங்களுக்குச் சொந்தம். 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும். சான்றிதழ் வாங்கிக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நான் மாற்றவில்லை. 2028 செப்டம்பரில் ஆர்.சி.க்கு 15 வருடம் முடிகிறது. எஃப்.சி எடுத்து இன்னும் ஐந்து வருடம் ஓட்டுவதா, விடுவதா என்பதை அப்போது அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்துகொள்வேன். டர்போ பெட்ரோல் ஆசைக்கும் ஒரு வழி செய்துவிட்டேன். வருடத்துக்கு இரண்டு முறை, இரண்டிரண்டு நாள் அதே வண்டியை வாடகைக்கு எடுப்பது. பெட்ரோல் சேர்த்து வருடத்துக்குப் பதினைந்தாயிரத்துக்குள் முடிகிறது. அடுத்த முறைக்குச் சொல்லி வைத்தாயிற்று. இந்தத் தடவை போகும்போது வீட்டுக்காரர் ஓட்டுவாராம், வரும்போதுதான் நானாம். ஏற்றம் முழுக்க அவருக்கா என்று இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.