இரவுப் பணியும் உடல் எடையும்: என் அனுபவம்

இரவுப் பணியில் இருக்கும் செவிலியரான எனக்குப் பகலில் 5 மணி நேரத் தூக்கம் கிடைப்பதே அரிது என்பதால், எடையைக் குறைப்பதற்கு உணவைவிடத் தூக்கத்தையே முதலில் சீர்செய்ய வேண்டியிருந்தது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு இரவுகள் 4 மணி நேரமே படுக்கையில் இருந்த இளைஞர்களுக்கு, வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் உயர்ந்திருந்தது. பின்னிரவு 3 மணிக்கு வரும் பசி மன உறுதியின் குறைபாடு அன்று. உடன் பணிபுரியும் பெண்கள் தங்களையே நொந்துகொள்வதைக் காணும்போது இதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

ஆகவே பணிக்குக் கிளம்புமுன் முழுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, நள்ளிரவுக்கு அவித்த முட்டையும் சுண்டலும் மட்டும் எடுத்துச் சென்றேன். தேநீரில் உள்ள, தூக்கத்தை விரட்டும் கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும் என்பதால், இரவு 2 மணிக்குப் பிறகு தேநீரைத் தவிர்த்தேன். வீடு திரும்பியதும் தடித்த திரைச்சீலையை இழுத்துவிட்டு, கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு உறங்கினேன். மாலையில் இன்னொரு குட்டித் தூக்கமும் வழக்கமாயிற்று. உறக்கம் கெட்ட நாள்களில் கடும் உடற்பயிற்சிக்குப் பதிலாக நடந்தேன். எடை மெதுவாகவே இறங்கியது, ஆனால் இனிப்பின் மீதிருந்த தீராத நாட்டம் அதற்கு வெகு முன்பே அடங்கிவிட்டது.