இடம் மாற்றக்கூடிய பேண்ட்சா மில்: நிறுத்துவது, அறுப்பது, பராமரிப்பது

மரம் கிடக்கும் தோப்புக்கே கொண்டுபோய் அறுக்கும் பேண்ட்சா மில், அமைப்பில் எளிமையானது. இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள படுக்கையில் தடி, அதாவது அறுக்க வேண்டிய மரத்துண்டு, அசையாமல் கிடக்கும். எஞ்சினும் இரண்டு சக்கரங்களும் அவற்றில் பூட்டிய மெல்லிய பிளேடும் கொண்ட அறுவைத் தலை தண்டவாளத்தில் நகர்ந்து தடியை அறுத்துக்கொண்டு போகும். வட்ட ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் ஏறக்குறைய 6 மி.மீ. மரத்தைத் தூளாக்கும், பேண்ட் பிளேடு 2 முதல் 3 மி.மீ. வரைதான் எடுக்கும். பத்துப் பலகைகளுக்கு இடையே உள்ள ஒன்பது அறுப்புகளில் மிச்சமாவது மட்டும் ஓர் அங்குலப் பலகை ஒன்றுக்கு மேல் வரும். அந்த மெல்லிய பிளேடே இயந்திரத்தின் பலம். பாதுகாப்புச் சிக்கல்களில் பெரும்பாலானவையும் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

இயந்திரம் வாங்கும் முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. காடுகளைப் பாதுகாப்பது தொடர்பான கோதவர்மன் வழக்கில் 1996 முதல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளைத் தொடர்ந்து, இந்தியாவில் மர அறுவை மில்கள் உரிமக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. சக்கரம் பூட்டியது, சொந்த உபயோகத்துக்கானது என்பதால் விலக்கு உண்டு என்று நீங்களாக முடிவு செய்யாமல், மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். சந்தனம், ஈட்டி, தேக்கு போன்ற மரங்களை வெட்டுவதற்கும் கொண்டு செல்வதற்கும் தனி விதிகள் இருப்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: இடமும் மட்டமும்

மின்கம்பி தலைக்கு மேல் போகாத, தண்ணீர் தேங்காத, திறந்த வெளியைத் தேர்ந்தெடுங்கள். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால், கொட்டகைக்குள் வைத்து ஓட்டக் கூடாது. மரத்தூள் வெளியேறும் பக்கம் காற்று அடித்துச் செல்லும் திசையில் இருந்தால், தூள் உங்கள் முகத்துக்குத் திரும்பாது.

சட்டத்தின் கால்களை வெறும் மண்ணில் ஊன்றாமல், கனமான மரக்கட்டைகள் மீதோ கான்கிரீட் பாளங்கள் மீதோ நிறுத்துங்கள். தண்டவாளத்தின் இரு முனைகளுக்கும் இடையே நூல் கட்டி, நடுவில் தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள். ரசமட்டத்தைக் குறுக்காகவும் நெடுகிலும் வைத்துச் சரிபாருங்கள். முதல் தடியின் எடை இறங்கியதும் மண் அமுங்கும் என்பதால், அதை அறுத்து முடித்ததும் மறுபடியும் மட்டம் பார்ப்பது அவசியம். தண்டவாளம் வளைந்திருந்தால் பலகையும் அதே வளைவோடுதான் வரும்.

இரண்டாம் படி: தடியைத் தயார் செய்வது

இயந்திரம் விற்பவர்கள் காட்டும் வீடியோவில் தடி எப்போதும் நேராகவும் சுத்தமாகவும் இருக்கும். நம் ஊர்த் தெருவோர வேம்பில் விளம்பரத் தகடு அடித்த ஆணி, கொடி கட்டிய கம்பி, மாடு கட்டிய கொக்கி என்று பலவும் புதைந்து கிடக்கும். கையடக்க உலோகக் கண்டறி கருவி ஒன்றை வாங்கி, தடியின் நான்கு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். அதன் விலையை ஒன்றிரண்டு பிளேடுகள் தப்பிப்பதிலேயே எடுத்துவிடலாம். கருவேலம் போன்ற துவர்ப்புள்ள மரங்களின் வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால், அருகில் இரும்பு இருக்க வாய்ப்பு அதிகம். பட்டையில் ஒட்டிய மணலும் பிளேடை மழுக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்தோ, பட்டையைச் செதுக்கியோ எடுத்துவிடுங்கள்.

கஜா புயலுக்குப் பிறகு தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் விழுந்து கிடந்த தென்னைகளைப் பலகையாக்க முடியுமா என்று பலர் கேட்டார்கள். முடியும், ஆனால் தென்னையின் வெளிப்புறம் மிகக் கடினமாகவும் நடுப்பகுதி மென்மையாகவும் இருப்பதால் பிளேடு வெகு சீக்கிரம் மழுங்கும். பழகுவதற்கு அது ஏற்ற மரமல்ல. நேரான மா, மலைவேம்புத் தடிகளில் தொடங்குவது நல்லது.

மூன்றாம் படி: பிளேடைப் பூட்டுவது

எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சுருட்டி வைத்த பிளேடு கட்டு அவிழ்ந்ததும் சீறி விரியும்; தடித்த கையுறையும் முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் அணிந்து, உடலிலிருந்து தள்ளிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு விரியுங்கள். பற்களின் முனை பிளேடு ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இருந்தால் பிளேடை உட்புறம் வெளியாகப் புரட்டுங்கள். கையேட்டில் சொன்ன அளவுக்கு இழுவிசை கொடுத்து, சக்கரத்தைக் கையால் சில சுற்று சுற்றி, பிளேடு சக்கரத்தின் மேல் நிலையாக ஓடுகிறதா என்று பாருங்கள். பிளேடின் முதுகுக்கும், பிளேடை நேராக வழிநடத்தும் கைடு ரோலரின் விளிம்புக்கும் இடையே சிறிய இடைவெளி இருக்க வேண்டும். முதுகு விளிம்பில் ஓயாமல் உரசினால் பிளேடில் விரிசல் விழும். மூடியைப் பூட்டாமல் எஞ்சினை ஒருபோதும் இயக்காதீர்கள்.

நான்காம் படி: அறுப்பது

வேட்டி, லுங்கி, தோளில் துண்டு ஆகிய எதுவும் அந்த இடத்தில் கூடாது. காதடைப்பான், கண்ணாடி, இரும்பு முனைக் காலணி ஆகியவற்றோடு முகக்கவசமும் அணியுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. பிளேடு அறுந்தால் அது சுழலும் தளத்தின் வழியே வெளியே பாயக்கூடும் என்பதால், அந்த நேர்க்கோட்டில் யாரும் நிற்க அனுமதிக்காதீர்கள். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

தடி மறுபக்கம் உருண்டு விழாமல் தடுக்கும் பக்கத் தாங்கிகளை உயர்த்திய பிறகே தடியை மேலே உருட்டுங்கள். உருளும் தடிக்குக் கீழ்ப்பக்கம் நிற்காதீர்கள். தடியின் ஒரு முனை சிறுத்திருந்தால், அந்த முனைக்கு ஆப்பு வைத்து, நடுக்கண் (தடியின் மையம்) படுக்கைக்கு இணையாக வரும்படி உயர்த்துங்கள். கிளாம்பை இறுக்கியதும், கிளாம்பும் தாங்கியும் பிளேடின் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றனவா என்று குனிந்து கண்ணால் பாருங்கள். புதியவர்களின் பிளேடுகள் பெரும்பாலும் இந்த இரும்பில்தான் பலியாகின்றன.

எஞ்சின் முழு வேகத்துக்கு வந்த பிறகு தலையை மெதுவாகத் தடிக்குள் செலுத்துங்கள். உள்ளே போனதும் சீராகத் தள்ளுங்கள். வெளியேறும்போது வேகத்தைக் குறையுங்கள். முதல் முகத்தை எடுத்ததும் தடியைத் திருப்பி நான்கு பக்கமும் சதுரித்துக்கொள்ளலாம். யூகலிப்டஸ் போல உள்ளழுத்தம் மிகுந்த மரத்தில் ஒரே பக்கத்திலிருந்து தொடர்ந்து பலகை எடுத்தால் மீதித் தடி வில்லாக வளையும். எதிரெதிர் முகங்களை மாற்றி மாற்றி அறுங்கள். 25 மி.மீ. பலகை வேண்டுமென்றால் தலையை 25 மி.மீ. இறக்கினால் போதாது, பிளேடு தின்னும் 2.5 மி.மீ. அளவையும் சேர்த்து 27.5 மி.மீ. இறக்க வேண்டும்.

பாதி வழியில் பிளேடு சிக்கினால், அது ஓடும் நிலையில் தலையைப் பின்னுக்கு இழுக்காதீர்கள். அறுப்பில் சிக்கிய சிராய் பிளேடைச் சக்கரத்திலிருந்து இழுத்துவிடும். எஞ்சினை அணைத்து, அறுப்பில் மர ஆப்புகளைத் தட்டி இடைவெளி உண்டாக்கிய பிறகு மெல்லத் தலையைப் பின்வாங்குங்கள்.

பலகையைப் பார்த்தே பிழையை அறிவது

புதிதாக வந்த பலகையைச் சாய்வெயிலில் பிடித்துப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக அலை தெரிந்தால், பிளேடு மழுங்கியிருக்கலாம், இழுவிசை குறைந்திருக்கலாம், அல்லது நீங்கள் அவசரப்பட்டுத் தள்ளியிருக்கலாம். பெரும்பாலும் முதலாவதுதான் காரணம். கணு வரும் இடத்தில் மட்டும் பிளேடு ஏறி இறங்கினால், அங்கே வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். தூள் மாவாக வந்தால் மிக மெதுவாகத் தள்ளுகிறீர்கள் என்று பொருள். பிளேடில் பிசின் படிந்தால், பாத்திரம் கழுவும் சோப்பு சில துளி கலந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வேலை முடியும்போது தண்ணீரை நிறுத்தி, பிளேடைச் சற்று நேரம் வெறுமனே ஓடவிட்டால் துரு பிடிக்காது.

பராமரிப்பு

எஞ்சின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும். ஆயில் அளவையும் காற்று வடிகட்டியையும் தினமும் பாருங்கள். ஹோண்டா ஜிஎக்ஸ் வகை எஞ்சின்களில் முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேர ஓட்டத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறையும் வரும். வடிகட்டியோ மரத்தூளில் அதைவிட வெகு சீக்கிரம் அடைபடும். சக்கர மூடிக்குள் சேரும் தூளை அகற்றி, கைடு ரோலர்கள் தடையின்றிச் சுழல்கின்றனவா என்று விரலால் சுற்றிப் பாருங்கள்.

பிளேடை ஒரு மணி, இரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு கழற்றி மாற்றுங்கள். மழுங்கிய பிறகும் ஓட்டினால் உலோகம் களைத்து அறுந்துவிடும். மாலையில் இழுவிசையைத் தளர்த்திவிட்டுப் போங்கள். மறுநாள் எஞ்சினைத் தொடும் முன் அதை மீண்டும் இறுக்க வேண்டும் என்று ஒரு சீட்டை ஸ்டார்ட்டரில் கட்டி வையுங்கள். கூர் தீட்டக் கொடுக்கும் முன் பற்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களை வெளிச்சத்தில் பாருங்கள். முடி அளவு விரிசல் தெரிந்தாலும் அந்தப் பிளேடைத் திரும்பப் பூட்டாமல், யாரும் தவறி எடுத்துவிடாதபடி துண்டுகளாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.