‘மீடியா ஆஃப்லைன்’ சிவப்புத் திரை: டாவின்சி ரிசால்வில் காணாமற்போன காட்சிகளை மீட்கும் முறை

திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தைச் சென்ற ஆண்டு பதிவு செய்தேன். களரிக்கு நேரே ஒரு கேமரா நிலையாக நின்றது. ஒப்பனை நடக்கும் இடத்தையும் கூட்டத்தையும் கைப்பேசியில் எடுத்தேன். மூன்று வாரம் உட்கார்ந்து பாதிக்கு மேல் தொகுத்து முடித்த நிலையில், ஒரு நாள் காலை ப்ராஜெக்டைத் திறந்தபோது, இருவர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து கட்டியக்காரன் வெளிவரும் காட்சி இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு நிறமும் ‘மீடியா ஆஃப்லைன்’ என்ற எழுத்தும் மட்டுமே இருந்தன. காட்சிகள் எதுவும் அழியவில்லை என்பதை அறிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அதே நிலையில் இருப்பவருக்கு அரை மணி நேரத்தில் வேலை முடிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். விண்டோஸ் கணினியில் டாவின்சி ரிசால்வ் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பை நிறுவி, வெட்டி ஒட்டும் அளவுக்குப் பழகியவர்கள் இதைப் பின்பற்றலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தொகுப்பு மென்பொருள் உங்கள் காணொளியைத் தனக்குள் எடுத்து வைத்துக்கொள்வதில்லை. எந்த டிரைவில், எந்தக் கோப்புறையில், எந்தப் பெயரில் அது இருக்கிறது என்ற முகவரியை மட்டுமே குறித்துக்கொள்கிறது. நீங்கள் செய்த வெட்டு, நிறத் திருத்தம், எழுத்து எல்லாம் ப்ராஜெக்டில் இருக்கின்றன. காட்சி மட்டும் வெளியே இருக்கிறது. ஆகவே சிவப்புத் திரையைக் கண்டதும் அந்த கிளிப்புகளை டைம்லைனிலிருந்தோ (காட்சிகளை வரிசையாக அடுக்கும் இடம்) மீடியா பூலிலிருந்தோ (இறக்குமதி செய்தவை இருக்கும் இடம்) நீக்காதீர்கள். நீக்கினால் நல்ல நிலையில் இருக்கும் உழைப்பும் சேர்ந்து போகும்.

படி 1: முகவரியைப் படியுங்கள்

மீடியா பூலைப் பட்டியல் தோற்றத்துக்கு மாற்றி, மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, ‘ஃபைல் பாத்’ என்ற பத்தியை இயக்குங்கள். ரிசால்வ் எந்த இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறது என்பது அங்கே முழுமையாகத் தெரியும். அருகிலேயே ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, உண்மையில் கோப்பு இருக்கும் இடத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

படி 2: டிரைவ் எழுத்து (நான் தடுக்கி விழுந்த இடம்)

என் ப்ராஜெக்ட் ‘ஈ’ டிரைவில் தேடிக்கொண்டிருந்தது; என் வெளி ஹார்டு டிஸ்கோ அன்று காலை ‘எஃப்’ டிரைவாக வந்திருந்தது. ஹார்டு டிஸ்கைச் செருகுவதற்கு முன்பு வேறொரு பென் டிரைவைச் செருகியிருந்தேன். காலியாக இருந்த ‘ஈ’ எழுத்தை விண்டோஸ் அதற்குக் கொடுத்துவிட்டு, ஹார்டு டிஸ்குக்கு அடுத்த எழுத்தைக் கொடுத்துவிட்டது. கோப்புறையின் பெயர், கோப்பின் பெயர், டிஸ்கின் பெயர் எல்லாம் அப்படியே இருந்ததால், வரியின் முதல் எழுத்தை மட்டும் நான் பார்க்கவே இல்லை. மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவியது, கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தது எல்லாம் அந்த இரண்டு நாளில் செய்த வீண் வேலைகள்.

இதைச் சரிசெய்ய, ரிசால்வை மூடிவிட்டு, விண்டோஸ் விசையையும் ‘எக்ஸ்’ விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்பதைத் திறங்கள். உங்கள் வெளி டிஸ்கின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து, ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’ என்பதற்குள் சென்று, ‘சேஞ்ச்’ பொத்தானை அழுத்தி, ப்ராஜெக்ட் தேடும் அதே எழுத்தைக் கொடுங்கள். அந்த எழுத்தை வேறொரு டிரைவ் பிடித்துவைத்திருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். அதே பட்டியலில் ‘ஃபார்மேட்’ என்ற சொல்லும் இருக்கும். அதைத் தொட்டால் டிஸ்கில் உள்ளவை அழியும் என்பதால் இந்த ஒரு இடத்தில் அவசரம் கூடாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் கிளிப்பை இறக்குமதி செய்வதற்கு முன்பே டிஸ்குக்கு ‘வி’ போன்ற பின்வரிசை எழுத்தைக் கொடுத்துவிடுங்கள். விண்டோஸ் பொதுவாக முன்வரிசையிலிருந்தே எழுத்துகளை எடுத்துக் கொடுப்பதால், பின்வரிசை எழுத்துக்கு மோதல் வருவது அரிது.

படி 3: இடம் மாறிய கோப்புகளை இணைத்தல்

கோப்புகளை நீங்களே வேறு கோப்புறைக்கு நகர்த்தியிருந்தால், மீடியா பூலில் அந்த கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, ‘ரீலிங்க் செலக்டட் கிளிப்ஸ்’ மூலம் புதிய கோப்புறையைக் காட்டினால் போதும். டிரைவ் எழுத்து மட்டும் மாறியிருந்தால் இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை. எழுத்தைத் திருப்பிக் கொடுத்தால் அந்த டிஸ்கை நம்பியிருக்கும் எல்லா ப்ராஜெக்டுகளும் ஒரே நேரத்தில் சரியாகிவிடும். ரீலிங்க் செய்தால் ஒவ்வொன்றாகத் திறந்து செய்ய வேண்டியிருக்கும்.

ரீலிங்க் செய்யும்போது ஒரே பெயருள்ள கோப்புகளில் கவனம் வேண்டும். என் கேமராவில் கார்டை மாற்றியதும் எண் மீண்டும் ‘சி0001’ என்றே தொடங்குகிறது. அந்த இரவில் மூன்று கார்டு மாற்றியதால் மூன்று ‘சி0001’ கோப்புகள் என்னிடம் இருந்தன. மொத்தமாக ஒரு பெரிய கோப்புறையைக் காட்டினால் தவறான கோப்பு இணைய வாய்ப்புண்டு. ஆகவே கார்டுக்கு ஒரு கோப்புறை என்று பிரித்து, ஒவ்வொரு கோப்புறையையும் தனித்தனியாகக் காட்டுங்கள். இப்போதெல்லாம் நகலெடுத்த உடனே, இறக்குமதிக்கு முன்பே, கார்டின் எண்ணைப் பெயருக்கு முன்னால் சேர்த்துவிடுகிறேன். இறக்குமதிக்குப் பிறகு பெயரை மாற்றக் கூடாது.

நகலெடுக்க விண்டோஸின் இழுத்துப் போடும் முறையைவிட டெராகாப்பி மென்பொருளையே நான் விரும்புகிறேன். நகல் மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று அது சரிபார்த்துச் சொல்லும். அந்தச் சரிபார்ப்பு முடியாமல் எந்தக் கார்டையும் நான் அழிப்பதில்லை. டிஸ்க் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறை வேண்டும்.

படி 4: ஒலி விலகினால்

கைப்பேசிக் காட்சியில் தொடக்கத்தில் சரியாக இருக்கும் ஒலி, பத்து நிமிடம் கழித்து உதட்டசைவிலிருந்து விலகினால், காரணம் பெரும்பாலும் பிரேம் வேகம்தான், அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் பதிவாகின்றன என்பது. கைப்பேசிகள் பல, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப பிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே பதிவு செய்கின்றன. மீடியாஇன்ஃபோ என்ற சிறு மென்பொருளில் கோப்பைத் திறந்து, ‘ஃப்ரேம் ரேட் மோட்’ என்ற வரியில் ‘வேரியபிள்’ என்று இருந்தால், ஹேண்ட்பிரேக் என்ற காணொளி மாற்றும் மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிய பிறகே ரிசால்வுக்குள் கொண்டுவாருங்கள்.

டைம்லைனின் பிரேம் வேகத்தையும் இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். ப்ராஜெக்டில் காட்சிகள் ஏறிய பிறகு ரிசால்வ் அதை மாற்ற விடாது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கூத்து மேடையின் குழல் விளக்குகள் சிமிட்டாமல் இருக்க நொடிக்கு 25 பிரேமிலும், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டர் வேகத்திலும் எடுப்பதே என் பழக்கம், ப்ராஜெக்டும் 25.

படி 5: சி டிரைவ் நிரம்பினால்

ரிசால்வ் இடையிடையே நின்றாலோ, ஏற்றுமதி பாதியில் முறிந்தாலோ, சி டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். சீராக ஓட்டிக் காட்டுவதற்காக ரிசால்வ் உருவாக்கும் இடைக்காலக் கோப்புகள் (கேஷ்) ‘கேஷ்கிளிப்’ என்ற கோப்புறையில் சேர்ந்துகொண்டே போகும். ‘ப்ளேபேக்’ பட்டியலில் ‘டிலீட் ரெண்டர் கேஷ்’ என்பதில் ‘ஆல்’ கொடுத்தால் திறந்திருக்கும் ப்ராஜெக்டின் கேஷ் நீங்கும். உங்கள் வேலைக்கு இதனால் எந்தச் சேதமும் இல்லை. தேவைப்படும்போது மென்பொருளே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். ஆனால் ப்ராஜெக்டை முன்பே நீக்கியிருந்தால் அதன் கேஷ் கோப்புகள் டிஸ்கிலேயே தங்கிவிடும். அவற்றைக் கோப்புறைக்குள் சென்று கையால்தான் அழிக்க வேண்டும்.

அடுத்த முறை நிரம்பாமல் இருக்க, ‘ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்’ பகுதியில் ‘மாஸ்டர் செட்டிங்ஸ்’ என்பதன் கீழே உள்ள ‘வொர்க்கிங் ஃபோல்டர்ஸ்’ இடத்தில் கேஷ் கோப்புறையை வேறு எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். கேஷுக்கு எஸ்எஸ்டி, மூலக் காட்சிகளுக்குச் சாதாரண ஹார்டு டிஸ்க் என்ற பிரிவினைதான் குறைந்த செலவில் நல்ல பலன் தருகிறது.

படி 6: எவ்வளவு இடம் வேண்டும்

இந்தக் கணக்கைப் பதிவுக்கு முன்பே போட்டுவிடுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே காட்சி ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். எட்டு மணி நேரக் கூத்து என்றால் 360 ஜிபி. அதே காட்சியை 50 மெகாபிட்டில் முழு எச்டியாக எடுத்தால் 180 ஜிபி போதும். 

4கே காட்சிகளைச் சாதாரண மடிக்கணினியில் தொகுக்க ப்ராக்ஸி தேவைப்படும். கிளிப்புகளில் ரைட் கிளிக் செய்து ‘ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா’ கொடுத்தால் எடை குறைந்த நகல்கள் உருவாகும். தொகுப்புக்கென்றே உள்ள டிஎன்எக்ஸ்எச்ஆர் என்ற காணொளி வடிவத்தின் எல்பி தரத்தில் முழு எச்டி அளவுக்கு மணிக்கு ஏறத்தாழ 16 ஜிபி ஆகும் என்பதால், எட்டு மணி நேரப் பதிவுக்கு இன்னும் 130 ஜிபி சேரும். நீண்ட பதிவுகளுக்குக் கால் பங்கு அளவையே தேர்ந்தெடுக்கிறேன். வெட்டும் வேலைக்கு அந்தத் தெளிவு போதும்.

படி 7: காப்பு நகல்

ப்ராஜெக்டை ஏற்றுமதி செய்யும்போது கிடைக்கும் டிஆர்பி கோப்பில் காட்சிகள் இருக்காது. காட்சிகளையும் சேர்த்துக் கட்டிவைக்க, ப்ராஜெக்ட் மேனேஜரில் ரைட் கிளிக் செய்து ‘ஆர்க்கைவ்’ கொடுக்க வேண்டும். ‘பிரிஃபரன்சஸ்’ பகுதியின் ‘யூசர்’ தாவலில் ‘லைவ் சேவ்’, ‘ப்ராஜெக்ட் பேக்கப்ஸ்’ இரண்டையும் இயக்கிவிடுங்கள். மூலக் காட்சிகளுக்குப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 முறையைப் பின்பற்றுகிறேன்: மூன்று நகல்கள், இரு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். என் மூன்றாவது நகல் ஊரில் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது.

பிற்சேர்க்கை

இந்தப் படிகளைச் செய்து பார்த்த நண்பர் ஒருவர், முகவரி சரியாக இருந்தும் தமது லினக்ஸ் கணினியில் காட்சி திறக்கவில்லை என்றார். அது வேறு சிக்கல். லினக்ஸில் ரிசால்வின் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 என்ற சுருக்க முறைகளில் பதிந்த காட்சிகளைத் திறப்பதில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் மென்பொருளைக் கொண்டு காட்சியை டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆகவும் ஒலியைப் பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) ஆகவும் மாற்றிய பிறகு அவருக்குத் திறந்தது. மாற்றிய கோப்புகள் மூலத்தைவிடப் பல மடங்கு பெரியவை. டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூ தரத்தில் 25 பிரேம் முழு எச்டியே மணிக்கு 80 ஜிபிக்கு மேல் போகும் என்பதால், லினக்ஸில் வேலை செய்பவர்கள் ஆறாம் படியின் கணக்கை இந்த அளவை வைத்தே போட வேண்டும்.