கான்கிரீட் மாடலில் மெஷ்ஷை மாற்றினால் விடையும் மாறுகிறதா?

கம்பி இல்லாத கான்கிரீட் பீமை, எலிமெண்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்து (இந்தப் பிரிப்புதான் மெஷ்) கணினியில் மாடல் செய்கிறீர்கள். மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்க, உச்சச் சுமைக்குப் பிறகு சுமை-இடப்பெயர்ச்சி வளைவு செங்குத்தாக விழுகிறதா? சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) மேல் தப்பில்லை. தகைவு-திரிபு (stress-strain) வளைவை எல்லா மெஷ்ஷுக்கும் ஒரே மாதிரி கொடுத்ததுதான் காரணம். விரிசல் ஒரே வரிசை எலிமெண்டில் ஒடுங்கிவிடும். எலிமெண்ட் சிறுத்தால் முறிவதற்கான ஆற்றலும் கூடவே சுருங்கும்.

பசாந்த் (Bažant), ஓ (Oh) என்ற இரு ஆய்வாளர்கள் 1983-இல் வெளியிட்ட விரிசல் பட்டை முறை இங்கே கைகொடுக்கும். முறிவு ஆற்றலை (ஓரலகுப் பரப்பு விரிசலுக்குச் செலவாகும் ஆற்றல்) மாற்றாமல், திரிபை எலிமெண்ட் அளவுக்கேற்ப மாற்ற வேண்டும். இழுவை வலிமை 3 மெகாபாஸ்கல், முறிவு ஆற்றல் மில்லிமீட்டருக்கு 0.1 நியூட்டன் என்று வையுங்கள். நேர்கோட்டுச் சரிவில், விரிசல் 0.067 மி.மீ. திறந்ததும் தகைவு பூஜ்யமாகிவிடும். இதை எலிமெண்ட் நீளத்தால் வகுத்தால், 20 மி.மீ. எலிமெண்டில் அதற்கான விரிசல் திரிபு 0.0033, 100 மி.மீ. எலிமெண்டில் வெறும் 0.00067.

அபாகஸ் (Abaqus) மென்பொருள் என்றால் திரிபுக்குப் பதில் இடப்பெயர்ச்சியாகவே கொடுத்துவிடலாம், இந்த வகுத்தலை அதுவே பார்த்துக்கொள்ளும். அப்புறம், எலிமெண்ட் நீண்டு ஒல்லியாக இருக்கக் கூடாது. விரிசல் எந்தத் திசையில் போகும் என்று மென்பொருளுக்கு முன்கூட்டியே தெரியாது. ஏறக்குறைய சதுரமாக இருந்தால்தான் அந்த நீளக் கணக்கு சரிவரும்.