30 நொடி உறைந்துபோகும் ஹார்ட் டிஸ்க்

ஆர்சிங்க் என்ற ஃபைல் நகலெடுக்கும் நிரலில் பெரிய பேக்கப் ஓடும்போது மட்டும் என் லினக்ஸ் கணினி உறையும். மவுஸ் நகரும், ஃபைல் எதுவும் திறக்காது. கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் லாகில் ‘ரைட் எஃப்பிடிஎம்ஏ க்யூடு’ என்ற எழுதும் கட்டளை தோல்வி, அப்புறம் லிங்க் ரீசெட், அதாவது டிஸ்க்கோடு தொடர்பை மறுபடி தொடங்குவது.

டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினேன், பவர் சப்ளையையும் மாற்றினேன். நான்கு நாள் வீண். டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 199 என்ற எண்ணுள்ள வரி, அதாவது கேபிள் வழியே தரவு சிதைந்தால் ஏறும் சிஆர்சி பிழை, பூஜ்யத்திலேயே நின்றது. அதை முதலிலேயே பார்த்திருந்தால் கேபிள் காசாவது மிஞ்சியிருக்கும்.

கடைசியில் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு உறைவும் சரியாக 30 நொடி. டிஸ்க் கட்டளை ஒன்றுக்குக் கர்னல் காத்திருக்கும் நேரமும் அதுதான்! ஆக, டிஸ்க் கட்டளையை வாங்கிக்கொண்டு பதிலே சொல்லவில்லை. லாகில் தோற்றதும் ‘க்யூடு’ கட்டளைதானே, சந்தேகம் என்சிக்யூ மேல் திரும்பியது; டிஸ்க் பல கட்டளைகளை ஒரே நேரத்தில் வாங்கி வரிசைப்படுத்தும் வசதி அது.

ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கும் கட்டளைகளின் எண்ணிக்கையான க்யூ டெப்த்தை 32-இலிருந்து 1 ஆக்கினேன். அன்றிரவே 400 ஜிபி ஒரே மூச்சில் ஏறியது. ரீபூட் செய்தால் பழைய மதிப்பு வந்துவிடும் என்பதால், லினக்ஸைத் துவக்கும் க்ரப்பின் கட்டளை வரியிலும் என்சிக்யூவை அணைத்துவிட்டேன். வேகம் கொஞ்சம் குறைவுதான், பரவாயில்லை.