முதலில் கோப்பை, பிறகு டின்: தசை கூட்ட நினைக்கும் நம்மூர் ஆட்களுக்கு

ஜிம்முக்குப் போகத் தொடங்கிய தம்பிமார் முதலில் கேட்கிற கேள்வி, "அண்ணே, எந்தப் பவுடர் நல்லம்?" என்பதுதான். பவுடரைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் மத்தியானம் உங்கள் சாப்பாட்டுக் கோப்பையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் கிழக்கிலங்கையில், கல்லடியிலோ கல்முனையிலோ ஒரு சாதாரண வீட்டில் சோறு நிறைய இருக்கும், மீன் ஆணம் தாராளமாக ஊற்றியிருக்கும், ஆனால் மீன் ஒரு துண்டு, அதிலும் பாதி முள். பக்கத்தில் ஒரு அகப்பை பருப்பு, கொஞ்சம் கீரைச் சுண்டல். வயிறு நிறைந்துவிடும். அந்த ஒரு துண்டு மீனில் சதை 40 கிராம் இருந்தால் புரதம் 8 கிராம், சோற்றில் ஒரு 10, பருப்பில் 4 அல்லது 5. காலையில் சாப்பிட்ட இடியப்பத்திலும் சொதியிலும் 10 கிராமைத் தாண்டாது. இரவும் இதே மாதிரி என்றால் நாள் முழுக்க 50 கிராமைச் சுற்றித்தான் வரும்.

எடை தூக்குகிறவருக்கு எவ்வளவு வேண்டும்? உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 2 கிராம் வரை போகலாம், அதற்கு மேல் போவதால் பெரிதாக ஒன்றும் கூடுதலாகக் கிடைக்காது. 60 கிலோ ஆளுக்கு 100 முதல் 120 கிராம். அதாவது நம் வழக்கமான சாப்பாட்டில் கிடைப்பதைப்போல் இரண்டு மடங்கு. மாதக்கணக்காகத் தம்பெல் தூக்கியும் கை அப்படியே இருக்கிறது என்று சொல்கிற பலருக்கு குறை இங்கேதான், பயிற்சியில் இல்லை.

இன்னொரு குறை மொத்தச் சாப்பாடே போதாமல் இருப்பது. மெலிந்த ஆட்கள் "நான் நல்லாச் சாப்பிடுறனான்" என்பார்கள், காலையில் ஒரு தேத்தண்ணீரும் பிஸ்கட்டும்தான் இறங்கியிருக்கும். தசை கூட வேண்டுமானால் உடம்பு செலவழிப்பதைவிட நாளுக்கு 300 முதல் 400 கலோரி கூடுதலாக உள்ளே போக வேண்டும். பயப்படும் அளவில்லை: ஒரு கைப்பிடி கச்சானும் ஒரு பெரிய வாழைப்பழமும் சேர்ந்தாலே கிட்டத்தட்ட 270 கலோரி வந்துவிடும். பகலில் வயலில் மூட்டை தூக்குகிறவர், இரவில் வள்ளத்தில் போகிறவர், கட்டட வேலை செய்கிறவர் என்றால் இந்தக் கணக்கு போதாது, அவர்கள் சோற்றையும் கிழங்கையும் குறைக்கவே கூடாது. சோறு தசைக்கு எதிரி என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு மெலிந்துபோன பிள்ளைகளைப் பார்க்கும்போது உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. தசைக்குள் சேரும் மாச்சத்துதான் அடுத்த நாள் எடை தூக்குவதற்கான எரிபொருள்.

சரி, அந்த 120 கிராமை எங்கே தேடுவது? நாம் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறோம், தேடி அலையத் தேவையில்லை. சூடை, கீரி, சாளை போன்ற சின்ன மீன்கள் பெரிய மீனைவிட மலிவு, 100 கிராம் சதையில் 20 கிராமை ஒட்டிப் புரதம், கூடவே ஒமேகா 3 கொழுப்பும். சூரையில் இன்னும் கொஞ்சம் கூட. ஒன்றைக் கவனியுங்கள்: கடையில் ஒரு கிலோ என்று நிறுத்து வாங்கும் மீன் தலையும் குடலும் போக 600, 650 கிராம்தான் தேறும், முள்ளையும் கழித்தால் இன்னும் குறையும். அதனால் கழுவி வெட்டிய பிறகு ஒருக்கா சமையல் தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு நேரத்துக்கு உங்கள் பங்கு 150 கிராம் என்றால் அது கோப்பையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும், அப்புறம் தராசு தேவையில்லை. பொரித்தும் சாப்பிடலாம், ஆனால் தினமும் ஆழ்ந்த எண்ணெயில் வேண்டாம். புளி போட்டு வற்றவைத்த மீன் இரண்டு நேரத்துக்குத் தாங்கும், வேலைக்குக் கட்டிக்கொண்டு போகவும் வசதி.

மாரி காலத்தில் கடல் கொந்தளிக்கும், மீன் விலை ஏறும். அந்த நேரத்தில் டின் மீன் நல்ல உதவி. 425 கிராம் டின்னில் தண்ணீரை வடித்தாலும் 250 கிராமுக்கு மேல் மீன் இருக்கும், 50 கிராமுக்கு மேல் புரதம், இரண்டு நேரத்துக்குப் பிரித்துச் சாப்பிடலாம். நெத்தலிக் கருவாட்டிலும் புரதம் நிறைய, எடையில் பாதியளவு என்று சொல்லலாம், ஆனால் உப்பு அதிகம், ஊறவைத்துக் கழுவிச் சேருங்கள், பிரஷர் உள்ளவர்கள் அதை நம்பி இருக்க வேண்டாம்.

முட்டை ஒன்றில் 6 கிராம். மஞ்சள் கருவைக் கழற்றி எறிகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, ஏறக்குறைய பாதிப் புரதமும் விட்டமின்களும் அதில்தான் இருக்கின்றன என்று. கொலஸ்ட்ரோல் பிரச்சினை இல்லாத ஆள் தினம் இரண்டு, மூன்று முழு முட்டை சாப்பிடலாம். கோழி நெஞ்சுப்பகுதியில் பச்சையாக நிறுத்தால் 100 கிராமுக்கு 22 கிராமளவில். மாட்டிறைச்சியும் அதேயளவு, இரும்புச்சத்தும், தசைக்கு உடனடிச் சக்தி கொடுக்க உதவும் கிரியேட்டின் என்ற பொருளும் இயற்கையாகவே அதில் உண்டு.

வெள்ளிக்கிழமை மரக்கறி, கந்தசஷ்டி விரதம், முழுச் சைவம் என்று இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. சோயா மீட் 50 கிராம் எடுத்தால் 25 கிராம் புரதம், கடையில் கிடைக்கும் மலிவான புரதங்களில் இதுவும் ஒன்று. பயறு, கௌபி, கடலை எல்லாம் உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு 20 முதல் 24 கிராம். அவித்தால் தண்ணீர் ஏறி ஊதிவிடும், அதனால் அவித்த ஒரு கோப்பைக் கடலையைப் பார்த்து ஏமாறாமல் உலர்ந்த அளவை வைத்துக் கணக்குப் போடுங்கள். சோறும் பயறும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றில் குறைவாக உள்ள அமினோ அமிலத்தை, அதாவது புரதத்தைக் கட்டும் துண்டுகளை, மற்றது நிரப்பும். பாற்சோறு மாதிரி பயறு போட்டுக் காய்ச்சும் சோறு இந்த வகையில் அருமையான சாப்பாடு. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வரும் எருமைத் தயிரை மறந்துவிடாதீர்கள், 200 கிராமில் 8 கிராமளவு புரதம், கொழுப்பும் தாராளம், எடை ஏறாத ஆளுக்கு அது வரம். சீனியைக் கொட்டாமல் ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்து போடுங்கள்.

60 கிலோ ஆளுக்கு ஒரு நாள் எப்படி வரும் என்று பாருங்கள். காலையில் மூன்று முட்டையும் 60 கிராம் பயறு அவித்துத் தேங்காய்ப்பூ போட்டதும், 32 கிராம். மத்தியானம் சோறு, 150 கிராம் மீன், பருப்பு, ஏதாவது மரக்கறி, 44. பின்னேரம் ஜிம்முக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் இரண்டு மேசைக்கரண்டி நிறையப் பால்மா கரைத்த பாலும் ஒரு கைப்பிடி கச்சானும், 15. இரவைக்குப் பிட்டு அல்லது ரொட்டியோடு 100 கிராம் கோழிக்கறி, பிறகு தயிர், 35. கூட்டினால் 120ஐத் தாண்டுகிறது, இதில் ஒரு பவுடர் டின்னும் இல்லை. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் அமுக்காமல் நேரத்துக்கு 25, 30 கிராம் என்று பிரித்து எடுத்தால் வயிற்றுக்கும் சுகம், தசைக்கும் நல்லம். பயிற்சி முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் குடிக்காவிட்டால் வீண் என்பது சரியல்ல, இரண்டொரு மணி நேரத்துக்குள் ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும்.

நோன்பு காலத்தில் காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் பலர் பயிற்சியை முழுதாக நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தத் தேவையில்லை, குறைத்துச் செய்யுங்கள். நோன்பு திறந்து லேசாகச் சாப்பிட்டுவிட்டு இரவில் கிழமைக்கு மூன்று நாள் செய்தாலே இருக்கிற தசை இறங்காது. இறைச்சி போட்ட நோன்புக் கஞ்சி நல்ல தொடக்கம், கடிப்பதற்குச் சமோசாவும் ரோல்ஸும் மட்டுமே என்றில்லாமல் அவித்த முட்டையும் கடலையும் சேருங்கள். ஸஹரில் முட்டை, தயிர், சோறு என்று நின்று நிதானமாகச் சாப்பிடுங்கள், வெறும் பாணோடு எழும்ப வேண்டாம்.

இனி பவுடர் டின். வே புரோட்டீன் என்பது சீஸ் செய்யும்போது பாலிலிருந்து பிரியும் தெளிந்த நீரிலுள்ள புரதத்தை வடித்து உலர்த்தி எடுத்த தூள், மருந்தும் இல்லை மந்திரமும் இல்லை, பால்தான். மேலே சொன்ன சாப்பாட்டுக்கு வீட்டில் வசதி இல்லை, காலையில் அவசரமாக ஓடுகிறீர்கள் என்றால் ஒரு கரண்டி கலக்கிக் குடிக்கலாம், 20 முதல் 25 கிராம் கிடைக்கும். வாங்கும்போது டின்னின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு பரிமாறல் 30 கிராம், அதில் புரதம் 24 என்று இருந்தால் 80 வீதம், நல்லது. முன்பக்கத்தில் 50 கிராம் புரதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், பின்னால் பார்த்தால் பரிமாறல் 300 கிராம் என்று இருக்கும், மிச்சம் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாச்சத்துத் தூள். மாஸ் கெய்னர் என்று விற்கப்படுவதில் நிறைய இந்த ரகம். அந்தக் காசுக்கு பால்மா, வாழைப்பழம், வறுத்த கச்சான், ஓட்ஸ் நாலையும் பிளெண்டரில் அடித்துக் குடித்தால் அதே கலோரி, கூடுதல் சத்து. பால் குடித்தால் வயிறு ஊதுகிறவர்கள் ஐசொலேட் வகையைப் பார்க்கலாம், அதில் லாக்டோஸ் என்ற பால் சீனி குறைவு. ஹலால் கவனிக்கிறவர்கள் முத்திரையைப் பாருங்கள், குளிசைக் கூடுகளில் ஜெலட்டின் இருக்கலாம். உடைந்த சீல், காலாவதித் திகதி அழிந்த டின், இணையத்தில் பாதி விலைக்கு வரும் சாமான் எதையும் தொடாதீர்கள்.

காசு கொடுத்து வாங்க ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் நான் கிரியேட்டின் மோனோஹைட்ரேட்டைத்தான் சொல்வேன். பல வருட ஆராய்ச்சி அதற்குப் பின்னால் இருக்கிறது. நாளுக்கு 3 முதல் 5 கிராம், ஒரு தேக்கரண்டி அளவு, எந்த நேரமானாலும் தண்ணீரில் கரைத்து. ஜிம் இல்லாத நாளிலும் விடக்கூடாது. மூன்று, நான்கு கிழமையில் தசை நிரம்பும், முதலில் கூடும் ஒரு கிலோவோ இரண்டு கிலோவோ பெரும்பாலும் தசைக்குள் போகும் தண்ணீர். பி.சி.ஏ.ஏ. என்று விற்கும் அமினோ அமிலத் தூளுக்குப் புரதம் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் செலவழிக்க வேண்டியதில்லை. பயிற்சிக்கு முன் குடிக்கும் பிரீ வொர்க்கவுட் தூளில் வேலை செய்வது முக்கியமாகக் கஃபீன், ஒரு கப் கறுப்புக் கோப்பி போதும். நம்மூர் வெயிலில் இவற்றைவிடத் தண்ணீர்தான் முக்கியம், மின்விசிறி மட்டும் ஓடும் ஜிம்மில் செய்கிறவர்கள் போத்தல் இல்லாமல் போகாதீர்கள்.

இவற்றைத் தொடங்க முன் ஒருக்கா இரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) சீனியும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் பார்த்துவிடுங்கள். ஆரோக்கியமான சிறுநீரகத்தை இந்த அளவுப் புரதம் கெடுக்காது. ஆனால் அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டி போன்ற உட்பகுதி விவசாய ஊர்களில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் இருக்கிறது, ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. நோய் இருக்கிறவருக்கு இந்தப் புரதக் கணக்கு பொருந்தாது, வைத்தியர் சொல்வதுதான் அளவு. கிரியேட்டின் எடுக்கிறவர்கள் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும்போது அதைச் சொல்லுங்கள், அது கிரியேட்டினின் அளவைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டும், வீணாகப் பயந்துவிடக்கூடாது.

ஜிம்மில் யாராவது ஊசியோ பெயர் இல்லாத குளிசையோ நீட்டினால் வாங்காதீர்கள். அனபொலிக் ஸ்டீரொய்ட் உங்கள் உடம்பு தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனை நிறுத்திவிடும், விந்தணு குறையும், மார்பு வீங்கும், இதயமும் ஈரலும் பாதிக்கப்படும், நிறுத்தினாலும் பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகலாம். கொழுக்க வைக்கும் குளிசை என்று கொடுக்கப்படுவதில் பிரெட்னிசொலோன், டெக்சாமெதசோன் என்ற வேறு வகை ஸ்டீரொய்ட் மருந்துகள் இருக்கலாம். முகமும் வயிறும் ஊதுவதைப் பார்த்து உடம்பு வைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள், உள்ளே கை கால் தசை கரைந்துகொண்டிருக்கும், இரத்தத்தில் சீனி ஏறும். ஏற்கெனவே பாவித்துக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல் வைத்தியரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

மிச்சம் கணக்குத்தான். கிழமைக்கு ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில், அதே தராசில் எடை பாருங்கள். 60 கிலோ ஆளுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 கிராம் கூடினால் சரியான வேகம். இரண்டு கிழமை ஒன்றும் கூடவில்லை என்றால் ஒரு நேரச் சோற்றைக் கூட்டுங்கள். எடை வேகமாக ஏறி இடுப்பு மட்டும் பெருத்தால் சோற்றையும் கச்சானையும் கொஞ்சம் குறையுங்கள், மீனையும் முட்டையையும் குறைக்காதீர்கள்.