விளக்குப் பட்டறைக்கு ஒரு விசிட்டிங் கார்டு

நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைக்காரர் கும்பகோணத்தில் என் அச்சகத்துக்கு வந்தார். நாலு போன் நம்பர், மூணு சாமி படம், எல்லாம் ஒரே கார்டில் வேணுமாம். இருப்பதே 3.5க்கு 2 அங்குலம்தான், ஐயா!

என்ன தொழில் என்பது முதலில் பெரிசாகத் தெரியணும். ஒரு விளக்குப் படம், வாட்ஸ்அப் உள்ள ஒரே நம்பர் போதும். எழுத்து 8 பாயின்டுக்குக் குறைந்தால் வயசானவர்கள் கார்டைத் தூர நீட்டித்தான் படிப்பார்கள். பின்னணி நிறம் வெட்டுக்கோட்டைத் தாண்டி 3 மி.மீ. ஓடட்டும், எழுத்து ஓரத்தை ஒட்ட வேண்டாம். பின்பக்கம் பளபளப்பும் வேண்டாம், விலையைப் பேனாவால் எழுதித் தரணுமே.

தமிழை புரூஃபில், அதாவது அச்சடிக்கும் முன் தரும் மாதிரியில், வாய்விட்டுப் படியுங்கள். ஃபான்ட் மாறினால் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் போய்விடும். அப்படி என் சொந்தக் கார்டே 1000 குப்பைக்குப் போனது.